ஒரு ஜன்னல் மட்டும் சுத்தம்

அத்தியாயம் 5

வேங்கிக்காலில் புதிதாக முளைக்கும் வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம், கட்டியவனுக்குத் தேவைப்பட்டது வீடு அல்ல, பக்கத்து வீட்டுக்காரனின் வயிற்றெரிச்சல்தான் என்று வேணுவுக்குத் தோன்றும். காண்ட்ராக்டர் அப்பாசாமியின் வீடு அந்த வகையில் முதல் பரிசுக்குரியது. கேட்டின் இரு தூண்களிலும் சிங்கம். சிங்கத்துக்கு மேலே யானை. யானைக்கும் மேலே மொட்டை மாடியில் சிமெண்ட் கழுகு ஒன்று, கலெக்டர் ஆபீஸ் இருக்கும் திசையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த டெண்டர் எப்போது என்று அதற்கும் கவலை.

"மேடம், இது வீடா, வண்டலூரா?" என்றான் வேணு, வண்டியை ஸ்டாண்டு போட்டபடி.

"வாய மூடு. டிக்கெட் கேக்கப் போறாங்க" என்றாள் எழிலரசி.

எழிலரசிக்கு முப்பத்தைந்து வயது. செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜ் மாடியில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறாள். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்குப் பழைய காதல் உண்டா என்று விசாரித்துச் சொல்வதுதான் அங்கே தினசரி வியாபாரம். அவளுடைய ஒரே உதவியாளன் வேணு, பி.காம். படித்தவன். மூன்று வருடம் படித்ததில் அவனுக்கு மிஞ்சியது உலகத்தின் மேல் ஒரு அலட்சியம் மட்டுமே. அதை வைத்துப் பிழைக்க வேறு தொழில் கிடைக்காமல் இவளிடம் வந்து சேர்ந்தான்.

கேட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில், மோட்டார் பம்புக்குப் பக்கத்தில் ஒரு பெண் குந்தியிருந்தாள். நாற்பது வயதிருக்கும். அழுது முடித்துவிட்டு, இனி என்ன செய்வது என்று தெரியாத முகம். இந்த வீட்டு வேலைக்காரி வள்ளி. இதே தெருவில் இன்னும் மூன்று வீடுகளிலும் வேலை செய்கிறவள். காலை வரை செய்தவள் என்று சொல்ல வேண்டும். அப்பாசாமி காலையில் கேட்டில் நின்று "திருடி, திருடி" என்று கத்தியதைக் கேட்டு, மூன்று வீட்டிலும் மதியத்துக்குள் "நீ வர வேணாம்" என்று சொல்லிவிட்டார்கள். தெருவில் எல்லோரும் அரசாங்க உத்தியோகஸ்தர்கள். எந்தக் கோப்பும் இவ்வளவு வேகமாக நகர்ந்து அவர்கள் பார்த்ததில்லை.

ஹாலில் அப்பாசாமி வெள்ளை வேட்டியில், நெற்றி நிறைய விபூதியோடு, ஒரு சோபா முழுவதையும் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"திருடிய கண்டுபுடிக்கற வேலை இல்லம்மா உங்களுக்கு" என்றார் எடுத்த எடுப்பிலேயே. "திருடி கெடச்சிட்டா. அவ வாய்லருந்து 'ஆமா'னு ஒரு வார்த்த புடுங்கணும். அவ்ளோதான்."

"அதுக்கு டிடெக்டிவ் எதுக்கு சார்? பல் டாக்டர கூப்ட்டிருக்கலாம்" என்றான் வேணு.

அப்பாசாமி அவனை முறைத்தார். அவர் மனைவி ராஜம்மாள் குறுக்கே விழுந்தாள். இவர்களை போன் போட்டு வரவழைத்தவள் அவள்தான்.

"நீங்க ஒக்காருங்கம்மா. இவரு ஆறு மணிக்கு ஸ்டேஷன்லருந்து தெரிஞ்ச ஏட்ட வரச் சொல்லியிருக்காரு. அவள கூட்டினு போயிட்டா ஊரு பூரா நாறிடும். சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா நம்ம மானம் என்னாவறது? அதான் அதுக்குள்ள நீங்க ஒரு வழி பண்ணுவீங்கன்னு..."

மணி இரண்டைத் தாண்டியிருந்தது. ராஜம்மாள் கதையைச் சொன்னாள். பெரும்பாலும் தன் பெருமையையும், நடுநடுவே கதையையும்.

மகள் அபிநயாவுக்கு ஆனியில் கல்யாணம். நகைகளை எல்லாம் வெள்ளிக்கிழமை சாமி ரூமில் அம்மன் படத்துக்கு முன்னால் தட்டில் வைத்துப் படைத்தாள். கல்யாணம் வரை அங்கேயே இருக்கட்டும் என்று ரூமைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். நேற்று ஞாயிற்றுக்கிழமை காலையில் விளக்கேற்றத் திறந்தபோது வள்ளி உள்ளே போய்த் தரையைத் துடைத்தாள். பிறகு பூட்டிவிட்டு, ராஜம்மாளும் மகனும் மகளும் கீழ்பென்னாத்தூருக்கு உறவுக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்கப் போய்விட்டார்கள். அப்பாசாமிக்கு சைட்டில் வேலை. இன்று காலை திறந்து பார்த்தால் தட்டில் ஒட்டியாணத்தைக் காணவில்லை. மற்றவை எல்லாம் அப்படியே இருந்தன.

"ஆரம், நெக்லஸ், வளையல், எல்லாம் எங்கம்மா வீட்டு நகை. ஒன்னும் போவல. இவரு ஆசயா போட்ட ஒட்டியாணம்தான் போச்சு" என்றாள் ராஜம்மாள். "புதன்கிழமை மாப்ள வீட்லருந்து அவங்க ஆசாரிய கூட்டினு வராங்க. கல்யாணத்துக்கு முன்ன பொண்ணு நகைய ஒரசிப் பாத்து எடை போடறது அவங்க வழக்கமாம். வந்து ஒட்டியாணம் எங்கன்னா என்னாத்த காட்றது?"

"பூட்டு ஒடையல?"

"ஒடையல. சாவி என் இடுப்ப விட்டு எறங்கல. நேத்து தரை தொடைக்க வந்தப்ப மடியில கட்டினு போயிருக்கா. வேற யாரு?"

ஒட்டியாணத்தை மடியில் கட்டிக்கொண்டு போக அது என்ன சுண்டலா என்று வேணு கேட்க நினைத்தான். எழிலரசியின் குதிகால் அவன் காலை மிதித்தது.

"வீட்ட சுத்திப் பாக்கலாமா?" என்றாள் அவள்.

திருட்டு நடந்த வீட்டில் மற்ற துப்பறிவாளர்கள் கைரேகை பார்ப்பார்கள், காலடித் தடம் பார்ப்பார்கள். எழிலரசி ஜன்னல்களைப் பார்த்தாள். பார்க்காமல் இருக்கவும் முடியாது. வீட்டில் எல்லா ஜன்னல் கண்ணாடியிலும் அலங்கார ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சிவப்பு, நீலம், மஞ்சள் பூக்களுக்கு நடுவே ஒரு மயில். தூரத்திலிருந்து சர்ச் மாதிரி இருக்கும். கிட்டே போனால் பழனி.

"தை மாசம் கிரகப்பிரவேசத்துக்கு ஒட்னது. பெங்களூர்ல பெரிய பெரிய பங்களாவுல எல்லாம் இதான்" என்றாள் ராஜம்மாள்.

இப்போது வைகாசி. நான்கே மாதத்தில் அந்த மயில்கள் பட்டிருந்த பாட்டைப் பார்த்து வேணுவுக்கே இரக்கம் வந்தது.

ஹால் ஜன்னல் மயில் மஞ்சள் காமாலை வந்தது போலிருந்தது. "மஞ்சத்தண்ணியில செவ்வா வெள்ளி தொடைப்பேன். லட்சுமிகரம்" என்றாள் ராஜம்மாள். சமையலறை மயிலைக் கம்பி நாரும் பாத்திரப் பொடியும் போட்டுத் தேய்த்ததில் இறகு கொட்டி, கோழியாகியிருந்தது. அபிநயாவின் அறையில் மயிலுக்குத் தலையே இல்லை. கண்ணாடியில் தெறித்த நகப்பூச்சை, நகப்பூச்சு அழிக்கும் மருந்தைக் கொண்டே துடைத்தாளாம். "அது வந்துச்சு, கூட மூஞ்சியும் வந்துடுச்சு" என்றாள் அபிநயா, காதில் மாட்டியிருந்த பாட்டை நிறுத்தாமல். மகன் இளவரசன் இன்ஜினியரிங் நான்காம் ஆண்டில் இரண்டாவது தடவையாக இருப்பவன். ஸ்டிக்கரில் இருந்த சின்னச் சின்னக் கொப்புளங்களைக் காம்பஸ் முள்ளால் குத்தி, கண்ணாடிக்கே அம்மை போட வைத்திருந்தான். அந்தக் காம்பஸுக்கு நான்கு வருடத்தில் கிடைத்த ஒரே வேலை அதுதான்.

அப்பாசாமியின் ஆபீஸ் ரூமில் ஸ்டிக்கர் ஓரமெல்லாம் சுருண்டு, கருகிய தோசை போல எழும்பி நின்றது.

"மண்ணெண்ண போட்டுத் தொடச்சேன்" என்றார் அப்பாசாமி பெருமையாக. "நம்ம சைட்ல எதுக்கும் மண்ணெண்ணதான். போவாத கறையே கெடையாது."

"கறை போயிடுச்சு சார். ஸ்டிக்கரும் கூடவே போவுது, துணைக்கு" என்றான் வேணு.

கடைசியாக சாமி ரூம். அது ஹாலை ஒட்டிய சின்ன அறை. பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் ஹாலைப் பார்த்து ஒரு ஜன்னல். வீட்டுக்குள்ளேயே இருப்பதால் கம்பி கிடையாது. ஒரே கண்ணாடி, சுற்றிலும் மரச் சட்டம். உள்ளே விளக்கெரிந்தால் மயில் ஹால் பக்கம் ஜொலிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மயிலின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும்.

"முருகன் வாகனமாச்சே. வெள்ளிக்கு வெள்ளி பொட்டு வச்சு, சாம்பிராணி காட்டுவேன்" என்றாள் ராஜம்மாள். "எப்படி பளிச்சுனு இருக்குது பாருங்க! என் மஞ்சத்தண்ணி மகிமை. மத்ததெல்லாம் இந்த வள்ளி கை பட்டுப் பாழாப் போனது."

மயில் உண்மையிலேயே பளிச்சென்று இருந்தது. நேற்றுதான் முட்டையிலிருந்து வந்தது போல.

எழிலரசி குனிந்து பார்த்தாள். மூக்கை வைத்து மோந்தாள். விரலால் தடவப் போனவள், தடவாமல் நிமிர்ந்தாள்.

"இந்த ஸ்டிக்கர் எங்க வாங்கினீங்க?"

"தேரடி வீதியில செழியன் கடையில. ஏம்மா, உங்க வீட்டுக்கும் போடணுமா?"

"ஆமா. ஒரு மணி நேரத்துல வந்துடறோம்."

வெளியே வந்ததும் வேணு வண்டியை உதைத்தான். "மேடம், திருட்டு நடந்த வீட்லருந்து கெளம்பி ஷாப்பிங் போற மொத டிடெக்டிவ் நீங்கதான்."

"நீ என்ன பாத்த?"

"ஆறு ஜன்னல். அஞ்சு கொலை."

"ஆறாவது?"

"அது நல்லாதான இருக்கு?"

"அதான்டா தப்பு" என்றாள் எழிலரசி. "அந்த அம்மா மஞ்சத்தண்ணி ஊத்தற வீடு இது. ஹால் ஜன்னல மஞ்சளாக்கின தண்ணி சாமி ரூம்ல மட்டும் வெள்ளையாக்குமா? நாலு மாசமா சாம்பிராணி காட்டியிருக்கா, ஒரு புகை வாசன இல்ல. நாலு மாசப் பொட்டுக் கறை எங்க? இந்த வீட்ல எதுவும் ஒழுங்கா இருக்காது. ஒழுங்கா இருந்தா அது இந்த வீட்டுது இல்ல."

பம்புக்குப் பக்கத்திலிருந்து வள்ளி எழுந்து வந்தாள். "அம்மா, ஆறு மணிக்கு என்ன ஸ்டேஷனுக்குக் கூட்டினு போவாங்களாம்மா? நான் அந்த நகைய கண்ணால பாத்தேன், கையால தொடல. ஒருதடவ ஸ்டேஷன் படி ஏறிட்டா அப்பறம் எனக்கு எந்த ஊட்டுல வேலை குடுப்பாங்க?"

"ஆறு மணிக்குள்ள வந்துடுவேன்" என்றாள் எழிலரசி. "எங்கயும் போயிடாதீங்க. ஓடிட்டான்னு அதையும் உங்க மேல எழுதுவாங்க."

தேரடி வீதியில் செழியன் தன் கடை வாசலில் ஒரு ஷேர் ஆட்டோவின் பின்கண்ணாடியில் சிவலிங்கம் ஒட்டிக்கொண்டிருந்தான். தன்னைத் தவிர இந்த ஊரில் எவனுக்கும் ரசனை கிடையாது என்பது அவன் கொள்கை. அவன் போட்டிருந்த சட்டையைப் பார்த்த வேணுவுக்கு அந்தக் கொள்கையின் மேல் சந்தேகம் வந்தது.

"அப்பாசாமி வீடா? அய்யோ, அந்தப் பேரச் சொல்லாதீங்க" என்றான் செழியன். "ஒட்டி முடிச்சிட்டு படிச்சுப் படிச்சு சொன்னேன் மேடம். ஒரு மாசத்துக்குத் தண்ணி படக்கூடாது, கை வெக்கக்கூடாது. உள்ள இருக்கற ஈரம் காயணும், பசை புடிக்கணும். சின்னச் சின்னதா தண்ணிக் கொப்புளம் தெரியும், அது தானா போயிடும். அப்பறமா சோப்புத் தண்ணி ரெண்டு சொட்டு, பழைய பனியன் துணி, லேசா ஒரு தொடைப்பு. அவ்ளோதான் மேடம் வேலையே! கேட்டாங்களா? ஒருத்தன் ஊசில குத்தறான், ஒருத்தன் மண்ணெண்ண ஊத்தறான். இவங்களுக்கெல்லாம் ஜன்னல்ல சாக்கு கட்டினா போதும்."

"அந்தக் கொப்புளம் எத்தன நாள் இருக்கும்?"

"வெயிலு நேரா பட்டா பத்து நாள்ல காஞ்சிடும். வீட்டுக்குள்ள இருந்தா ஜாஸ்தி போனா ஒரு மாசம்."

எழிலரசி வேணுவைப் பார்த்தாள். "சாமி ரூம் கண்ணாடியில ஓரமா கொப்புளம் இருந்துச்சு. கடுகு மாதிரி."

"கண்ணாடி ஒடஞ்சா என்ன ஆவும்?" என்று கேட்டாள் செழியனிடம்.

"சில்லு கொட்டாது மேடம். ஸ்டிக்கர் புடிச்சிக்கும். தட்னாலும் சத்தம் கம்மிதான். நொறுங்கின அப்பளத்த பேப்பர்ல மடிச்ச மாதிரி அப்படியே எடுத்துடலாம்."

"அந்த மயில் டிசைன் சமீபத்துல யாராவது வாங்கினாங்களா?"

"யாரு வாங்குவா? ஊர்ல அந்த ஒரு வீட்டுக்குத்தான் அந்த ரசன. சனிக்கிழமை கூட அவங்க பையன் வந்து ஒரு ஜன்னல் அளவு வாங்கினு போச்சே, இளவரசன்."

வேணு தொடையில் தட்டிக்கொண்டான். திரும்பும் வழியெல்லாம், கிரிவலக் கூட்டத்தை ஏற்றி வந்த பஸ்களுக்கு இடையே வண்டியை நுழைத்தபடி, வழக்கை முடித்துக் கையெழுத்தே போட்டுவிட்டான்.

"காம்பஸ் பையன்தான் மேடம்! சனிக்கெழம ஸ்டிக்கர் வாங்கறான். ஞாயித்துக்கெழம கண்ணாடிய ஒடச்சு, கைய விட்டு ஒட்டியாணத்த எடுக்கறான். புதுக் கண்ணாடி, புது மயிலு. வேலக்காரி மேல பழி. நாலு வருஷம் படிச்சதுக்கு ஒரு புராஜெக்ட் பண்ணிட்டான்."

எழிலரசி ஒன்றும் சொல்லவில்லை. அவள் சும்மா இருந்தால் வேணு தப்பாகப் போகிறான் என்று அர்த்தம். அது வேணுவுக்குத் தெரியும். ஆனாலும் நிறுத்த மாட்டான்.

ஐந்தரைக்கு எல்லோரும் ஹாலில் கூடினார்கள். வள்ளி வாசற்படிக்கு வெளியே நின்றாள். வேணு நடு ஹாலில் நின்று இளவரசனை நோக்கி விரலை நீட்டினான்.

"சனிக்கெழம தேரடி வீதியில மயில் வாங்கின ஆளு நீங்கதான?"

"ஆமா. அதுக்கென்ன?" என்றான் இளவரசன் கொட்டாவியோடு.

"அத எங்க ஒட்னீங்க?"

"நான் எதுக்கு ஒட்றேன்? அப்பா வாங்கியாரச் சொன்னாரு, ஆபீஸ் ரூமுக்குன்னு. வாங்கியாந்து குடுத்தேன். ஞாயித்துக்கெழம நான் இங்கயே இல்ல பாஸ். கீழ்பென்னாத்தூர்ல மூனு வீட்ல சாப்ட்டேன், வேணா கேட்டுப் பாருங்க."

"எங்க சித்தி வீட்ல மட்டும் பதினோரு இட்லி" என்று சாட்சி சொன்னாள் அபிநயா.

வேணுவின் விரல் அந்தரத்தில் நின்றது. மெதுவாக அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். எழிலரசி எழுந்தாள்.

"வள்ளி, ஒரு பக்கெட்டு தண்ணி, ஈரத் துணி கொண்டாங்க. நகை கெடைக்கலனாலும் பரவால்ல, ஜன்னலயாவது சுத்தம் பண்ணிக் குடுத்துட்டுப் போறோம். வேணு, ஆரம்பி."

வேணு ஆரம்பித்தான். பி.காம். படித்ததற்கு இதுவாவது கிடைத்ததே. ஹால் ஜன்னலைத் தேய்த்தான், யாரும் கவலைப்படவில்லை. சமையலறை மயிலின் மிச்ச இறகைப் பிடுங்கினான்; ராஜம்மாள் டீ போடட்டுமா என்று கேட்டாள். ஆபீஸ் ரூம் ஸ்டிக்கர் பாதி கையோடு வந்தது. "நல்லா அழுத்தித் தேய் தம்பி" என்றார் அப்பாசாமி.

பிறகு ஈரத் துணியோடு சாமி ரூம் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"ஏய்! அதுல கை வெக்காத!"

கத்தியது ராஜம்மாள் அல்ல. அப்பாசாமி. சோபாவை விட்டு அவர் எழுந்த வேகத்தைப் பார்த்து சோபாவே ஒரு நிமிஷம் நம்பவில்லை.

"காலையிலயும் ஐயா இதே மாதிரிதான் கத்தினாரு" என்றாள் வள்ளி வாசலிலிருந்து. "திங்கக்கெழம ஜன்னல் தொடைக்கறது வழக்கம். அந்த ஒன்ன மட்டும் ஒரு மாசத்துக்குத் தொடாதன்னாரு."

"ஒரு மாசம்" என்றாள் எழிலரசி. "செழியன் தை மாசமே சொன்ன புத்திமதி. இந்த வீட்ல மொத தடவயா ஒருத்தரு அதக் கேட்டிருக்காரு. மண்ணெண்ண ஊத்தற மனுஷனுக்கு ஒரு மயில் மேல மட்டும் ஏன் சார் இவ்ளோ பாசம்? ஆபீஸ் ரூமுக்குன்னு பையன விட்டு வாங்கினீங்களே, அந்த ஸ்டிக்கர் எங்க? ஆபீஸ் ரூம்ல இன்னும் கருகின தோசதான் இருக்குது."

அவளே கட்டை விரலை ஈரத்தில் நனைத்து மயிலின் ஓரத்தை லேசாகத் தள்ளினாள். மயில் வாலோடு நகர்ந்தது. பசை இன்னும் பிடிக்கவில்லை. விலகிய இடத்தில் மரச் சட்டத்தின் ஆணிகள் புதுசாகப் பளபளத்தன.

"ராஜம்மா சாவிய குடுக்க மாட்டாங்க. அதனால நேத்து எல்லாரும் கெளம்பினப்பறம் கண்ணாடிய தட்டி ஒடச்சு, கைய விட்டு எடுத்துட்டீங்க. கட்டடம் கட்றவரு, புதுக் கண்ணாடி போட அர மணி நேரம். புது மயிலுக்குப் பொட்டு கூட மறக்காம வச்சிட்டீங்க. ஒரு திருடன் தட்டுல இருக்கற தங்கத்தையெல்லாம் விட்டுட்டு ஒட்டியாணத்த மட்டும் எடுக்கறான்னா, அவனுக்குத் தங்கம் வேணாம்னு அர்த்தம். புதன்கிழமை ஆசாரி ஒரசிப் பாக்கக்கூடாத ஒரே நகை அதுதான? அது கவரிங்கு."



"ஒடஞ்ச கண்ணாடிய அப்படியே விட்டிருந்தா பழி வெளித் திருடன் மேல போயிருக்குமே மேடம்?" என்றான் வேணு.

அதற்குப் பதில் ராஜம்மாளிடமிருந்து வந்தது. தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"சாமி ரூம் கண்ணாடிய ஒடச்சிட்டியாய்யா? கல்யாணம் வச்சிருக்கற வீட்ல! கண்ணாடி ஒடஞ்சதுக்குத்தான போன வருஷம் செய்யாறு சம்பந்தத்தையே வேணான்னேன்!"

"அதான் காரணம், வேணு" என்றாள் எழிலரசி. "நகை திருடு போகலாம், பொம்பள ஜெயிலுக்குப் போகலாம். கண்ணாடி மட்டும் ஒடையக் கூடாது."

புருஷன் பொய் சொன்னது, மகளுக்குக் கவரிங் போட்டது, ஒருத்தியைத் திருடி ஆக்கியது, இவை எல்லாம் ராஜம்மாளின் வரிசையில் கண்ணாடிக்குப் பின்னால்தான் நின்றன. வேணு அந்த வரிசையை மனதுக்குள் குறித்துக்கொண்டான்.

ஒட்டியாணம் அப்பாசாமியின் ஜீப்பில், டூல்ஸ் பெட்டியில், ஜாக்கிக்கு அடியில் இருந்தது. ஜாக்கி உரசிய இடத்தில் ஏற்கெனவே செம்பு எட்டிப் பார்த்தது. ஆசாரிக்கு வேலையே இல்லை.

"எனக்குக் கவரிங்காப்பா?" என்றாள் அபிநயா. இப்போதுதான் காதிலிருந்து பாட்டைக் கழற்றினாள்.

"நெசத் தங்கம் அப்பறமா பண்ணிக்கலாம்னுதாம்மா..." என்றார் அப்பாசாமி. அவர் கட்டிய கட்டடங்கள் எல்லாவற்றிலும் இரும்பும் அப்படித்தான் அப்பறமாக வரும் என்று ஊரில் பேச்சு.

ராஜம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நல்ல புத்தி வந்துவிட்டது என்று வேணு நினைத்தான்.

"ஏம்மா எழிலரசி, புதன்கிழமை வரைக்கும் இவளே திருடினதா இருக்கட்டும். ஒட்டியாணம் போச்சுன்னு அவங்களுக்கு ஒரு பதில் ஆவும். கல்யாணம் முடிஞ்சதும் வள்ளிக்கு ஒரு நல்ல பொடவயா எடுத்துக் குடுத்துடறேன். என்னா வள்ளி?"

வள்ளி படியேறி உள்ளே வந்தாள். காலையில் பழி விழுந்த பிறகு அந்த வீட்டுக்குள் அவள் வைத்த முதல் அடி அது.

"பொடவ வேணாம்மா" என்றாள். "ஐயா காலையில கேட்டாண்ட நின்னு கத்தினாரு இல்ல? அதே எடத்துக்கு வந்து, நான் எடுக்கலன்னு சொல்லணும். அது போதும்."

"இன்னாடி வாய் நீளுது?" என்றார் அப்பாசாமி. "வூட்டுக்குள்ள சொன்னா ஆவாதா? ஒன்னு தெரிஞ்சிக்க, நான் சைட்ல எரநூறு பேருக்குச் சோறு போடறவன்..."

வெளியே மோட்டார் சைக்கிள் நின்றது. மஃப்டியில் ஏட்டு. ஆறு மணிக்குச் சரியாக வந்திருந்தார். டீ நேரம் அது.

"என்னா காண்ட்ராக்டர், எங்க அந்தத் திருடி?" என்றார் கேட்டிலிருந்தே.

எழிலரசி ஒட்டியாணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அப்பாசாமியின் பக்கத்தில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"ரெண்டு வழி இருக்கு சார். நீங்க சொல்லலனா நான் ஏட்டுகிட்ட சொல்வேன். நான் சொன்னா கவரிங்குன்னும் சேத்துச் சொல்வேன். நீங்க சொன்னா வள்ளி எடுக்கலன்னு மட்டும் சொன்னா போதும். மத்தது உங்க சம்பந்தி பாத்துக்கட்டும்."

அப்பாசாமி கேட்டை நோக்கி நடந்தார். கலெக்டர் ஆபீஸ் விட்டிருந்தது. எதிர் வீட்டில் ஸ்கூட்டரை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தவர் தள்ளுவதை நிறுத்தினார். பக்கத்து வீட்டு மாடியில் துணி எடுக்க வந்த அம்மாள் துணியை மறந்தாள். வள்ளி போய் நடுத்தெருவில் நின்றுகொண்டாள்.

"வள்ளி எடுக்கல" என்றார் அப்பாசாமி, சட்டைப் பொத்தானிடம்.

"கேக்கல" என்றாள் வள்ளி.

"வள்ளி எடுக்கல. நகை வீட்லதான் இருந்துச்சு."

"காலையில இவ்ளோ மெதுவாவா சொன்னீங்க?"

அப்பாசாமி எழிலரசியைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஒட்டியாணத்தில் செம்பு தெரிந்த இடத்தை முந்தானையால் மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வள்ளி எடுக்கல!" என்று கத்தினார் அப்பாசாமி. தெருக்கோடி வரை கேட்டது. "நான்தான் எடுத்து வச்சிருந்தேன்! போதுமா?"

மாடியிலிருந்த அம்மாள், "என்னாங்க, இங்க வாங்க சீக்கிரம்!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். ஏட்டு யாரும் டீ தரப் போவதில்லை என்பதைப் புரிந்துகொண்டு வண்டியைத் திருப்பினார். எதிர் வீட்டுக்காரர் ஸ்கூட்டரைத் தெருவிலேயே விட்டுவிட்டு வந்தார்.

"வள்ளி, காலையில வீட்ல ஏதோ தெரியாம சொல்லிட்டாங்க. நாளைக்கு வந்துடு" என்றார்.

வள்ளி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்க வூட்டு அம்மாவயும் தெருவுக்கு வந்து சொல்லச் சொல்லுங்க சார்" என்றாள்.